கால் பிரேக்கில் இல்லை

இன்று காலை பால் பாக்கெட் வாங்கக் கீழே இறங்கியபோது, மாடிப்படித் திருப்பத்தில் புளித்த மாவின் வாசனை வந்தது. யார் வீட்டிலோ இரவு பொங்கி வழிந்திருக்கிறது. அக்டோபர் வெயிலில் மாதுங்காவில் மூடி போட்டு வைத்த எந்த மாவும் அடங்கி இருப்பதில்லை. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மேலே ஏறி வந்த பக்கத்து வீட்டு அம்மாள், "என்ன மாமா, தலை சுத்தறதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, பால் வாங்காமலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

தலை சுற்றவில்லை. இதே வாசனையை ஆனி மாதத்தில், மழை தொடங்கிய வாரம், நம்முடைய காரின் பின்விளக்கிலிருந்து முகர்ந்தேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டும். மற்றவர்களிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பாதியிலேயே அவர்கள் முகத்தில் ஒரு பொறுமை வந்துவிடுகிறது, அதைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறேன். நீயானால் முழுவதும் கேட்டிருப்பாய். வலது கை ஆள்காட்டி விரலால் மடியில் கோடு இழுத்துக்கொண்டே கேட்டிருப்பாய். கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகியும், யார் பேசினாலும் உன் விரல் புடவை மேல் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டுதான் இருந்தது. சண்டையில் நான் பேசும்போதுகூட. "சொல்லுங்கோ, எடுத்துண்டுண்டிருக்கேன்" என்பாய்.

வித்யா புனேக்குக் குடிபோனபின்தான் நமக்கு எக்ஸ்பிரஸ் வே பழகியது. மகளைப் பார்க்கப் போகும் பயணங்களுக்காகத்தான் அந்தக் காரையே வாங்கினோம். அதில் க்ரூஸ் கன்ட்ரோல் இருக்கிறது என்று விற்றவன் சொன்னபோது நான் அதைத் தொடவே பயந்தேன். எண்பதில் வைத்து ஸ்டியரிங்கில் பித்தானை அழுத்தினால் காலை எடுத்துவிடலாம், வண்டி தானாக எண்பதிலேயே போகும், முகப்பில் ஒரு பச்சை விளக்கு எரியும், பிரேக்கை லேசாகத் தொட்டாலும் அணைந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். நீதான், "உங்க கணுக்காலுக்கு ஒரு அசிஸ்டென்ட் குடுத்திருக்கான், வேலை வாங்குங்கோ" என்று என்னை அழுத்த வைத்தாய். அன்றிலிருந்து அதற்கு அசிஸ்டென்ட் என்றே பெயர்.

பிறகு அந்த அசிஸ்டென்ட் சொல்லாமல் லீவு போட ஆரம்பித்தான். கோப்போலியிலிருந்து மலைப்பாதை ஏறி, லோனாவ்ளா தாண்டிச் சாலை சமமாகும் இடத்தில், யாரும் எதையும் தொடாமல் பச்சை விளக்கு அணையும். வண்டி பெருமூச்சு விட்டதுபோல் வேகம் இழக்கும். நான் "போயிடுத்து" என்பேன். உன் விரல் மடியில் ஒரு கோடு இழுக்கும். எல்லாப் பயணத்திலும் இல்லை. வந்தால் போகும்போதுதான் வரும். திரும்பும்போது அநேகமாக வராது. ஏற்றம்தான் காரணம் என்று நான் சொல்லிவந்தேன்.

நான் செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் காலம் தள்ளியவன். ஒரு முறை வந்த முடிவு முடிவல்ல, அதே நிலைமையில் மறுபடி வந்தால்தான் முடிவு என்பதைத் தவிர அங்கே நான் வேறெதுவும் கற்றதாகச் சொல்ல முடியாது. அதைக் காரிடம் காட்டினேன். ஏசி போட்டு ஒரு பயணம், போடாமல் ஒரு பயணம். பாட்டு வைத்து, வைக்காமல். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். காலடி விரிப்பை எடுத்தேன். இருக்கைகளுக்கு நடுவே இருந்த உன் கைப்பையைக்கூடப் பின்னால் வைக்கச் சொன்னேன். "என் கைப்பை உங்க இன்ஜினை என்ன பண்ணிடும்?" என்றாய். "ஒண்ணொண்ணா விலக்கிப் பார்க்கணும்" என்றேன். "என்னையும் ஒரு ட்ரிப் விலக்கிப் பாருங்கோ" என்றாய்.

காஜா பாயிடம் கொண்டுபோனோம். தாராவியில் தொண்ணூறடிச் சாலைக்குப் பின்னால் அவர் பட்டறை. நெல்லைப் பக்கத்துக்காரர், கேலி அதிகம், வேலை சுத்தம். வண்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டு, வாஷி பாலம் தாண்டி ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஏக்தம் மஸ்தா ஓடுது சார். ஒரு தடவகூடக் கட் ஆவலயே" என்றார். பிரேக் மிதிக்குப் பின்னால் உள்ள சுவிட்சை மாற்றினார். அடுத்த பயணத்தில் அணைந்தது. ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் வயரை மாற்றினார். அதற்கடுத்த பயணத்தில் அணையவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். அதற்கும் அடுத்ததில் அணைந்தது. மறுபடி போனபோது அவர், "எங்கிட்ட வந்தா நல்ல புள்ள மாதிரி நிக்கி. நீங்க ஏறி உக்காந்தாத்தான் சீக்கு வருது. நான் எதுக்கு மருந்து குடுக்க?" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் நீ சொன்னாய்: "மாஜிஸ்ட்ரேட் முன்னாடி வந்தா ஹாஸ்டைல் ஆயிடறான்." சாட்சி கூண்டில் ஏறியதும் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்வதற்கு உங்கள் கோர்ட் பாஷை அது. சிக்னலில் நின்றபடி நாம் இருவரும் சிரித்தோம். நான் சிரித்தது பாதிதான். காஜா பாய் சொன்னதில் ஒரு சொல் எனக்குள் இறங்கிவிட்டது. நீங்க ஏறி உக்காந்தாத்தான்.

ஏனென்றால் என் வலது கால் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். க்ரூஸ் போட்ட பின்னும் அதை நான் தரையில் வைப்பதில்லை. பிரேக்குக்கு மேலே, ஒரு விரற்கடை உயரத்தில், பயந்துகொண்டே பிடித்திருப்பேன். அது அறியாமல் பட்டிருக்கலாம். படவில்லை என்று நான் எப்படிச் சொல்வது? என் காலைப் பற்றி நானே சாட்சி சொல்ல முடியுமா?

இதே சந்தேகம் வித்யாவுக்கும் வந்தது. ஒருமுறை அவளும் பின்னால் உட்கார்ந்து வந்தாள். பச்சை விளக்கு அணைந்து வண்டி தளர்ந்தபோது பின்னால் வந்த லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே நம்மை உரசினாற்போல் விலகிப் போனது. பிறகு வித்யா சொன்னாள், "அப்பா, தப்பா எடுத்துக்காதீங்கோ. நீங்க பிரேக்ல கால் வச்சிண்டிருக்கேள். உங்களுக்கே தெரியல. இனிமே டிரைவிங் போதும்ப்பா. வண்டியக் குடுத்துடலாம்."

பதில் சொன்னது நீ.

"அப்பா கால் பிரேக்ல இல்லை."

"அம்மா, நீ பாத்தியா?"

"பாத்துண்டே இருந்தேன்."

அவ்வளவுதான். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. வித்யா அடங்கிவிட்டாள். நீ எப்படிப்பட்டவள் என்று அவளுக்குத் தெரியும். கோர்ட்டில் ஒரு வக்கீல் 'பார்த்தேன்' என்பதைப் 'பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று மாற்றி அடிக்கச் சொன்னபோது, "சாட்சி அப்படிச் சொல்லலை சார்" என்று எழுந்து நின்றவள் நீ. அந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரம் உன்னைவிட யாருக்குத் தெரியும். காரும் என்னிடமே இருந்தது. நானே ஓட்டினேன். உன் ஒரு வாக்குமூலத்தின் பலத்தில் ஓட்டினேன்.

போன வருஷம் உன் கடைசிப் பயணத்தில் நீ இருக்கையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு வந்தாய். மருந்துப் பை மட்டும்தான் எடுத்துக்கொண்டோம். நீ சமையலறைக்குள் போய் வெகு நாளாகியிருந்தது. லோனாவ்ளா தாண்டியது, பச்சை விளக்கு அணையவில்லை. புனே வரைக்கும் அணையவில்லை. நீ கண்ணைத் திறக்காமலே, "இன்னிக்கு உங்க அசிஸ்டென்ட் ஒழுங்கா வரான்" என்றாய். ஐப்பசியில் வித்யா வீட்டிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் தனியாக எத்தனையோ முறை அந்தச் சாலையில் போனேன். ஒரு முறையும் அணையவில்லை. உனக்குப் புரியும், இது எனக்கு நல்ல செய்தி இல்லை. வித்யா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள்: "பாத்தேளாப்பா, இப்ப கவனமா ஓட்டறேள், அதான் வரலை. அப்ப அம்மாவோட பேசிண்டே கால வச்சிருப்பேள்." அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. சோதனைக்கூடத்தில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எல்லாம் முன்போலவே இருக்கிறது, ஒன்றே ஒன்று விலகியிருக்கிறது, பழுதும் நின்றுவிட்டது. விலகியது நீ. என்னையும் ஒரு ட்ரிப் விலக்கிப் பாருங்கோ என்று நீ சொன்னது என்னை விட்டுப் போகவில்லை.

அப்படியானால் என் கால்தான். அப்படியானால், அன்று நீ சொன்னது என்ன?

என் பணி ஓய்வு விழாவில் நான் பேசி முடித்து வந்து உட்கார்ந்தபோது, "நன்னா இருந்தது, கடைசி வரிசை வரைக்கும் கேட்டது" என்று என் கையை அழுத்தினாய். மைக் வேலை செய்யவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முன்வரிசைக்குக்கூட என் குரல் போயிருக்காது. என் விஷயத்தில் நீ பொய் சொல்லக்கூடியவள். கோர்ட்டில் மாட்டாய், எனக்காக மாட்டாய் என்று இல்லை. அதை நினைக்க ஆரம்பித்த பின், 'பாத்துண்டே இருந்தேன்' என்பது என்னைத் தாங்குவதை நிறுத்திவிட்டது. பயந்த மனிதனுக்கு மனைவி கொடுத்த ஒரு ஆறுதல். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு லாரிக்கு முன்னால் ஓட்டியிருக்கிறேன்.

வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று வித்யாவிடம் நானே சொன்னேன். ஐரோலியிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்து பார்த்தார்கள். பிடித்துவிட்டது. "அங்கிள், ரைட் சைடு பிரேக் லைட் எரியலை, அதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க" என்று இந்தியில் கேட்டார்கள். மழை தொடங்கிய பிறகு அது எரியாமல் போயிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. பின்னால் போய்ப் பார்க்க இப்போது யார் இருக்கிறார்கள்?

காஜா பாய் பட்டறையில், வழக்கம்போல டிக்கியைக் காலி செய்து கொடுத்தேன். அவர் வலது மூலையில் உள்ள சின்ன மூடியைத் திறந்து கையை விட்டார். "என்ன சார் இது, எறும்பால்லா இருக்கு" என்றார். விளக்கின் பின்புறத்தைப் பிடுங்கி வெளியே எடுத்தார். பல்பு செருகும் இடம், வயர் சேரும் இடம் எல்லாம் வெள்ளையாக ஏதோ படிந்து காய்ந்து, மழை ஈரத்தில் ஓரம் மட்டும் ஊறியிருந்தது. அவர் மூக்கருகில் கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாவுல்லா சார் இது? டிக்கிக்குள்ள தோசையா சுட்டீங்க?"

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் அதை என் பக்கம் நீட்டினார். நான் முகர்ந்தேன்.

உன் எவர்சில்வர் தூக்கு. புனே அரிசிக்கு மாவு பொங்காது என்று, ஒவ்வொரு பயணத்துக்கும் அன்று காலையில் அரைத்து எடுத்துக்கொண்டு வருவாயே, அது. டிக்கியின் வலது மூலையில் அதற்கென்றே அளவெடுத்த மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது என்று நீதான் கண்டுபிடித்தாய். சாயாது, ஆடாது. சூட்டில் மாவு வழியிலேயே பொங்கும். மலை ஏறும்போது பின்பக்கம் சாயும், மூடியின் ஓரமாக ஒழுகும், அந்தச் சின்ன மூடியின் இடுக்கு வழியாக விளக்குக்குள் இறங்கும். ஏற்றம்தான் காரணம் என்று நான் சொல்லிவந்தது பாதி சரி. குளிர்காலத்தில் பொங்காது, பழுதும் வராது. திரும்பும்போது தூக்கு காலி, விளக்குக்குள் இறங்கியதும் அதற்குள் காய்ந்துபோயிருக்கும். புனேயில் இறங்கியதும் நீ துணியால் அதைத் துடைத்துக்கொண்டே, "மாவு எட்டிப் பாத்துடுத்து" என்பாய். எத்தனை முறை கேட்டிருக்கிறேன்.

காஜா பாய் சொன்னார், "இந்த மாடல்ல பின்னாடி பிரேக் லைட்டு வயர்ல கோளாறுன்னா க்ரூஸு தன்னால ஆஃப் ஆயிரும் சார். நம்மளுக்கு இது தோணவே இல்ல பாத்தீங்களா. வண்டி இங்க வரும்போதெல்லாம் டிக்கி பளபளன்னுல்லா இருக்கும்."

இருக்கும். பட்டறைக்கு விடுவதற்கு முந்தைய நாள் நீ டிக்கியை ஈரத்துணி போட்டுத் துடைத்து, காயவைத்து, "வேத்து மனுஷா பாக்கற இடம்" என்று கோலம் போடாத குறையாகச் செய்து அனுப்புவாய். தூக்கையும் எடுத்துவிடுவாய். ஏசியை விலக்கினேன், பாட்டை விலக்கினேன், செருப்பை, விரிப்பை, உன் கைப்பையை விலக்கினேன். தூக்கை விலக்க எனக்குத் தோன்றவே இல்லை. அது காருக்குள் இருக்கும் ஒரு பொருள் என்றே நான் நினைக்கவில்லை. நாம் புனேக்குப் போகிறோம் என்றால் மாவும் வருகிறது. அவ்வளவுதான்.

நான் அதைக் கையில் வாங்க வேண்டும் என்று நினைத்தேன். பாய், அதைத் துடைக்காதீங்கோ, அப்படியே குடுங்கோ, வேற புதுசு போட்டுடுங்கோ என்று சொல்ல வேண்டும். சொல்லின் வரிசைகூட மனதில் தயாராக இருந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் சிரிப்பார்களே என்று தயங்கினேன். அதற்குள் அவர் ஏதோ ஸ்ப்ரேயை அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் இரண்டு தேய்ப்பு தேய்த்து, துணியால் ஒற்றிவிட்டார். தரையில் எண்ணெயோடு வெள்ளையாக ஓடியது. நீ அரைத்தவற்றில் மிச்சமிருந்தது அதுதான். பல்பைச் செருகினார். "பிரேக்க மிதிங்க சார்" என்றார். மிதித்தேன். "எரியுது, எரியுது, சரியாப் போச்சு!"

வித்யாவை அழைத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தூக்கு, ஏற்றம், வயர், எறும்பு. நடுவில் அவள் ஒரு முறை, "அம்மா மாவா?" என்று கேட்டு நிறுத்தினாள். குரல் மாறியிருந்தது. பிறகு தன்னைச் சரிசெய்துகொண்டு, "சரிப்பா. உங்க கால் இல்லை. நம்பறேன்" என்றாள். அந்தத் தொனி எனக்குத் தெரியும். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது என்று சொன்ன தொனி. அவள் உன் பெண்தானே. "அவா ஞாயித்துக்கிழமை வரா, லைட் எரியறதோல்லியோ?" என்று கேட்டாள். எரிகிறது என்றேன்.

ஐரோலிப் பிள்ளைகள் வந்து சாவியை வாங்கிக்கொண்டபோது நான் டிக்கியைத் திறந்து காட்டி, "இஸ் கோனே மே கீலா சாமான் மத் ரக்னா" என்று சொன்னேன். ஈரமான சாமான் எதையும் இந்த மூலையில் வைக்காதீர்கள் என்று. "ஓகே அங்கிள்" என்று அந்தப் பெண் சிரித்தாள். வண்டி தெருமுனையில் திரும்பும்போது இரண்டு பிரேக் விளக்கும் எரிந்தன.

இப்போது என்னிடம் இருப்பது இதுதான். காரில் பழுது இருந்தது என்பது நிச்சயமாகிவிட்டது. ஆனால் நீ என் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாயா என்பது அதனால் நிச்சயமாகவில்லை. விளக்கில் மாவு இருந்தது ஒரு விஷயம். அன்று, அந்த இடத்தில், லாரி வந்தபோது, அணைத்தது மாவா காலா என்பது வேறு விஷயம். ஒரு நாள் மாவு, ஒரு நாள் கால் என்றும் இருந்திருக்கலாம். நீ பார்த்திருக்கலாம். பார்க்காமல், என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லியிருக்கலாம். இதை இன்னொரு முறை சோதிக்க வழியில்லை. வண்டி இல்லை, மாவு இல்லை, சாட்சி இல்லை. நான் அறிந்த முறைப்படி, ஒரு முறை வந்த முடிவு முடிவல்ல. அதை மாற்றிக்கொள்ள இந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் உன் திதிக்கு வாடகைக் காரில் புனே போனேன். பின்னிருக்கையில் வலது ஓரத்தில் நான், நீ எப்போதும் உட்காரும் இடது பக்கம் காலி. மலை ஏறினோம், லோனாவ்ளா தாண்டியது. சாலை சமமாகும் அந்த இடம் வந்ததும், என்னை அறியாமல் என் வலது கால் பின்னால் இழுத்துக்கொண்டு இருக்கைக்கு அடியில் போயிற்று. வேட்டியை நானே கொஞ்சம் ஒதுக்கி, கால் தெரியும்படி வைத்துக்கொண்டேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "க்யா ஹுவா அங்கிள், பைர் துக்தா ஹை க்யா?" என்று கேட்டான். கால் வலியெல்லாம் இல்லை என்றேன்.

மரத்துப்போகும் வரை காலை அப்படியே வைத்திருந்தேன், இடது பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி.